ஆங்கிலம் பேசிய கோகு: டிராகன் பால் சூப்பர் டப் ஏன் தாமதமானது, எதை மாற்றியது?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன்: “டிராகன் பால் இஸட் தொடரைச் சின்ன வயதில் ஆங்கிலத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் தொடர்ச்சியான சூப்பர் ஜப்பானில் 2015இலேயே வந்துவிட்டது, ஆங்கில டப் 2017இல்தான் வந்தது என்கிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம்? இப்போது டப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாயகன் கோகு பொறுப்பே இல்லாத ஆளாகத் தெரிகிறார். டப் செய்தவர்கள் கெடுத்துவிட்டார்களா? ஜப்பானிய மொழிக்கே மாறிவிடட்டுமா?”

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டப் செய்தவர்கள் கெடுக்கவில்லை. பழைய டப்போடு ஒப்பிட்டால், சூப்பரில் அவர்கள் ஜப்பானிய வசனத்துக்கு எவ்வளவோ நெருக்கமாக இருந்தார்கள். நீங்கள் சின்ன வயதில் கொண்டாடிய அந்தக் கோகுதான் ஆங்கிலத்துக்கென்று தனியாகச் செதுக்கப்பட்டவர். சூப்பரில் உண்மையான கோகு வந்து நின்றபோது, இருபது வருடமாக இன்னொருவரைக் கோகு என்று நம்பியிருந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தெரிந்தார். இதை விளக்கக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் தாமதம். 2015 ஏப்ரல் கடைசியில் சூப்பர் தொடரை அறிவித்தார்கள். ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு ஃபுஜி டிவியில் முதல் எபிசோட் வந்தது. 1997இல் டிராகன் பால் ஜிடி முடிந்த பிறகு பதினெட்டு வருடம் கழித்து வந்த புதுத் தொலைக்காட்சிக் கதை இது. நடுவில் வந்த ‘காய்’ பழைய இஸட்டையே சுருக்கி, குரல்களைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டது. சூப்பரின் கதைக் கோட்டையும் முக்கியப் புதுப் பாத்திரங்களின் உருவத்தையும் டிராகன் பாலைப் படைத்த அகிரா தொரியாமாவே கொடுத்தார். கடைசி வில்லன் மாஜின் பூ அழிந்த பிறகு, இஸட்டின் கடைசிக் காட்சிகளுக்கு முன்னால் இருக்கும் பத்து வருட இடைவெளியில் கதை நடக்கிறது. வாரம் ஒன்று என்று 131 எபிசோடுகள் ஓடி 2018 மார்ச் 25 அன்று முடிந்தது.

ஆங்கிலப் பார்வையாளர்களுக்கு முதல் பதினைந்து மாதம் சட்டப்படி எதுவுமே கிடைக்கவில்லை. டப்பை விடுங்கள், அதிகாரபூர்வ சப்டைட்டில்கூடக் கிடையாது. 2016 அக்டோபரில்தான், தொடரைத் தயாரித்த டோயெய் அனிமேஷன் நிறுவனம் க்ரஞ்சிரோல் போன்ற தளங்களில் ஜப்பானில் வரும் நாளிலேயே ஆங்கில சப்டைட்டிலோடு தரத் தொடங்கியது. அப்போது ஜப்பானில் 63ஆவது எபிசோட் போய்க்கொண்டிருந்தது. அதாவது கோகுவின் உருவத்தில் வில்லன் வரும் கோகு பிளாக் கதை உச்சத்தில் இருந்தபோது ஆங்கில உலகத்துக்கு வாசல் திறந்தது. அதுவரை ரசிகர்கள் தாங்களே போட்ட சப்டைட்டிலில்தான் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே, 2016 நவம்பரில், ஃபனிமேஷன் நிறுவனம் ஆங்கில டப்பை அறிவித்தது. 2017 ஜனவரி 7 சனிக்கிழமை இரவு 8 மணிக்கு அமெரிக்காவில் அடல்ட் ஸ்விம் சேனலின் டூனாமி நிகழ்ச்சி வரிசையில் முதல் எபிசோட் ஒளிபரப்பானது. அறிவிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே இரண்டே மாதம். தாமதத்துக்கு டப்பிங் ஸ்டூடியோவைக் குறை சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். உரிமம் கைக்கு வந்த பிறகு வேலை வேகமாகத்தான் நடந்திருக்கிறது.

தொழில்நுட்பமும் தடையாக இல்லை. இதே ஃபனிமேஷன், இதே டூனாமியில், 2014 ஜனவரியில் ஸ்பேஸ் டேண்டி என்ற தொடரின் ஆங்கில டப்பை ஜப்பானிய ஒளிபரப்போடு ஒட்டியே தந்திருக்கிறது. எதையும் முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போட்டு, படமும் வசனமும் முன்னதாகக் கிடைத்தால் அது முடியும். (அந்த டேண்டிக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்த இயன் சின்க்ளேர்தான் சூப்பரில் விஸ் என்ற பாத்திரமாக வருகிறார்.) சூப்பருக்கோ தொடரே ஞாயிறு ஞாயிறாக அவசரத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 2015 ஆகஸ்டில் வந்த ஐந்தாவது எபிசோடில், காயோ கிரகத்தில் கோகுவும் அழிவுக் கடவுள் பீரஸும் மோதும் காட்சியின் ஓவியம் அவ்வளவு மோசமாக இருந்ததால் உலகம் முழுக்கக் கிழித்தார்கள். ப்ளூரே வெளியீட்டில் அதைத் திருத்தினார்கள். அந்த நிலையில் இருந்த தயாரிப்பிலிருந்து வெளிநாட்டு டப்புக்கு முன்கூட்டியே படம் அனுப்புவது நடக்கிற காரியமில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். முதல் எபிசோட் ஆங்கிலத்தில் வந்தபோது இடைவெளி பதினெட்டு மாதம். கடைசி எபிசோட் ஆங்கிலத்தில் 2019 அக்டோபர் 5 அன்று வந்தது, அப்போதும் இடைவெளி பதினெட்டு மாதம்தான். அங்கே வாரம் ஒன்று, இங்கேயும் வாரம் ஒன்று. முதலில் விட்ட தூரத்தைப் பிடிக்க வழியே இல்லை.

இந்த இடைவெளியின் விளைவை 2018 மார்ச்சில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஜப்பானில் கடைசி இரண்டு எபிசோடுகள் வந்தபோது மெக்சிகோவிலும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் பொதுச் சதுக்கங்களில் பெரிய திரை கட்டி, ஆயிரக்கணக்கான பேர் கூடிப் பார்த்தார்கள். அனுமதியில்லாத திரையிடல் என்று டோயெய் அறிக்கை விட்டது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை. அந்த வாரத்தில் ஆங்கில டப் இன்னும் பாதித் தொடரைக்கூடத் தொடவில்லை. காத்திருக்க முடியாதவர்கள் ஜப்பானியக் குரலுக்குப் பழகிக்கொண்டார்கள். டப்பை விரும்பியவர்கள், முடிவு தெரிந்த கதையையே பார்த்தார்கள்.

ஒரு சின்னத் தகவல்: 2017 ஜனவரியிலேயே ஆசியாவுக்கென்று வேறொரு ஆங்கில டப்பும் டூனாமி ஆசியா சேனலில் வந்தது. அதை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ள பேங் ஸூம் ஸ்டூடியோ செய்தது. குரல்கள் முற்றிலும் வேறு. யூடியூப் துண்டுகளில் கோகு யாரோ போலப் பேசுவதாக நினைத்தால், நீங்கள் கேட்பது அதுவாக இருக்கலாம்.

இப்போது கோகுவுக்கு வருவோம்.

இஸட் ஆங்கிலத்துக்குப் போனது 1996இல். அப்போது ஃபனிமேஷன் டெக்சஸில் இருந்த சின்ன நிறுவனம். குரல் பதிவு கனடாவின் வான்கூவரில் ஓஷன் குழுவினரிடம் நடந்தது. காலையில் குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சி என்பதால் கத்திரி தாராளமாக விழுந்தது. ஜப்பானில் 67 எபிசோடாக இருந்தது 53 ஆகச் சுருங்கியது. யாரும் ‘சாகக்’ கூடாது, எல்லோரும் ‘வேறு பரிமாணத்துக்கு’ப் போனார்கள். நரகத்தில் இருக்கும் அரக்கர்களின் சட்டையில் நரகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதன் எழுத்துகளைத் திருத்தி, HFIL என்ற நாலெழுத்துப் பெயராக்கினார்கள். அந்த ஓட்டம் 1998இல் நின்றது. பழைய எபிசோடுகளை டூனாமி திரும்பப் போட, கூட்டம் சேர்ந்தது. 1999 செப்டம்பரில் ஃபனிமேஷன் டெக்சஸிலேயே உள்ளூர் நடிகர்களை வைத்துத் தொடர்ச்சியை எடுத்தது. கோகுவுக்கு ஷான் ஷெம்மல், வெஜிடாவுக்கும் பிக்கலோவுக்கும் கிறிஸ்டஃபர் சபாட். உங்கள் காதில் இருக்கும் குரல்கள் இவைதான்.

அந்தக் குழு ஒரு முடிவு எடுத்தது. அமெரிக்கக் குழந்தைக்குத் தெரிந்த நாயகன் சூப்பர்மேன், எனவே கோகுவும் அப்படியே இருக்கட்டும் என்று. நாமெக் கிரகத்தில் கோகு முதன்முறை சூப்பர் சையனாக (அவர் பிறந்த சையன் போர்வீரர் இனத்தின் வலிமை கூடிய வடிவம்) மாறியதும் வில்லன் ஃப்ரீசா ‘நீ யார்?’ என்று கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் கோகு சொல்வது இவ்வளவுதான்: உன்னைத் தோற்கடிக்கப் பூமியிலிருந்து வந்த சையன் நான், கோபத்தால் விழித்த போர்வீரன், சூப்பர் சையன் சோன் கோகு. அதாவது ஒரு சண்டைக்காரன் எதிராளிக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். ஆங்கிலத்தில் அதே வாயசைவுக்கு, பிரபஞ்சத்தின் நம்பிக்கை நான், அமைதிக்காக அழும் உயிர்களுக்கெல்லாம் விடை நான், நல்லவர்களுக்குத் துணைவன், உனக்குக் கெட்ட கனவு என்று நீளமான முழக்கம் ஒன்றை எழுதினார்கள். அது நன்றாக இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் கேட்டால் புல்லரிக்கும். ஆனால் அந்த வரிகளில் ஒன்றுகூடக் கோகு சொன்னதில்லை.

பின்னணி இசையையும் மாற்றினார்கள். ஷுன்சுகே கிகுச்சியின் வாத்திய இசையை எடுத்துவிட்டு ப்ரூஸ் ஃபால்கனரின் சின்தசைஸரையும் கிட்டாரையும் வைத்தார்கள். ஜப்பானியத்தில் அமைதியாக நின்ற இடங்களிலும் இங்கே ஏதோ ஒன்று முழங்கிக்கொண்டே இருந்தது. மௌனம் போனதும் கோகுவின் முகத்திலிருந்த வெகுளித்தனமும் போய்விட்டது. இசை சொல்லிக்கொடுத்ததைத்தான் நாம் அந்த முகத்தில் பார்த்தோம்.

2010இல் காய் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதே ஸ்டூடியோ தன் போக்கை மாற்றிக்கொண்டது. வசனத்தை மூலத்தோடு ஒட்டித் திரும்ப எழுதினார்கள், ஜப்பானிய இசையை விட்டுவைத்தார்கள். ஃப்ரீசாவுக்கு அதுவரை இருந்த லிண்டா யங்கின் கரகரத்த குரலுக்குப் பதில் கிறிஸ் ஏயர்ஸ் வந்தார். சூப்பர் அந்தக் காய் வழியில்தான் வந்தது. நோரிஹிதோ சுமிதோமோவின் இசை அப்படியே இருக்கிறது, வசனத்தில் சொந்தச் சரக்கு குறைவு. ஆனால் இஸட்டிலிருந்து நேராகச் சூப்பருக்குத் தாவியவர்கள் நடுவில் நடந்த இந்தத் திருத்தத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோகு உலகைக் காப்பாற்றப் பிறந்தவர் அல்லர். வலுவான ஆளோடு மோத வேண்டும், தோற்றால் பயிற்சி செய்து திரும்ப மோத வேண்டும், இதுதான் அவர் ஆசை. அவர் சண்டை போடும் வழியில் உலகம் பிழைத்துக்கொள்கிறது. தொலைக்காட்சி அனிமே தன் கோகுவை நீதிமானாகக் காட்டியதில் தனக்குத் திருப்தியில்லை என்று தொரியாமாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜப்பானிய அனிமே மீதே அவருக்கு அந்தக் குறை என்றால், அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு பூசிய ஆங்கில டப்பை என்ன சொல்வது!

சூப்பரில் கோகுவை நீங்கள் வெறுத்த இடம் எதுவென்று ஊகிக்க முடிகிறது: பிரபஞ்சங்களின் போட்டி. ‘எப்போது போட்டி வைக்கப் போகிறீர்கள்?’ என்று கோகு, பிரபஞ்சங்கள் அனைத்துக்கும் அரசரான ஸெனோவிடம் போய் நினைவூட்டுகிறார். தோற்கும் பிரபஞ்சம் அழிக்கப்படும் என்று விதி வருகிறது. எட்டு பிரபஞ்சங்கள், 80 வீரர்கள், 48 நிமிடம். அழிந்துபோகும் கோடானுகோடி உயிர்களைப் பற்றிக் கோகு கலங்குவதைக் காட்டிலும் எதிரில் யார் வருவார்கள் என்று துடிப்பதுதான் தெரிகிறது. பிரபஞ்சத்தின் நம்பிக்கை நான் என்று முழங்கியவர் இப்படிச் செய்யலாமா என்று கோபம் வருவது நியாயம்தான். முழங்கியவர் இவர் இல்லையே. போட்டி இல்லாவிட்டாலும் ஸெனோ அந்தப் பிரபஞ்சங்களை அழிக்கத்தான் இருந்தார், போட்டியால்தான் ஒரு வாய்ப்பாவது கிடைத்தது என்று கதையே பிறகு சொல்கிறது. ஆனால் கோகு அதைத் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அவர் சுபாவம் அது, ஆங்கில டப்பும் அந்தச் சுபாவத்தை மறைக்காமல் பேசவிட்டது.

இருந்தாலும், ஒரு விஷயத்தில் ஜப்பானியக் குரலுக்கு இருக்கும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை, அதனால் இந்தக் கோகு ஆங்கிலத்தில் கூடுதலாகவே உறுத்துகிறார். ஜப்பானியத்தில் கோகு பேசுவது பட்டிக்காட்டுப் பேச்சு. மலையில் தாத்தாவோடு வளர்ந்த பிள்ளையின் கொச்சை. கடவுள் முன்னால் நின்றாலும் அதே பேச்சுதான். முதல் எபிசோடில் மனைவி சீச்சியின் நச்சரிப்பு தாங்காமல் டிராக்டர் ஓட்டி வயலில் வேலை பார்க்கிறார். வேலைக்கு நடுவே பயிற்சியையே நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சியில், ஜப்பானியத்தில் கோகுவாகப் பேசும் மசாகோ நொசாவாவின் குரலைக் கேளுங்கள். ஒரு விவசாயி வாயில் வர வேண்டிய பேச்சாகவே இருக்கும். அந்தக் கொச்சையோடு ஒரு ஆள் அசட்டுத்தனமாக ஏதாவது கேட்டால், ‘வெள்ளந்தி மனுஷன்’ என்று மன்னிக்கத் தோன்றும். ஷெம்மலின் கோகு பொதுவான அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறார், குரலும் வளர்ந்த ஆணின் குரல். அதே கேள்வியை அந்தக் குரலில் கேட்டால் பொறுப்பில்லாத்தனமாகத் தெரிகிறது. அமெரிக்க வட்டார வழக்கு எதையாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 1999இல் கொடுத்திருந்தால் நடந்திருக்கும். பதினெட்டு வருடம் கழித்து நாயகனின் பேச்சை மாற்றினால் யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நொசாவாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 1936இல் பிறந்தவர். 1986இல் முதல் டிராகன் பால் தொடங்கியபோதே ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், சூப்பர் தொடங்கியபோது 78 வயது. கோகு, அவர் மகன்கள் கோஹான், கோட்டன் மூவருக்கும் அவரே குரல். சூப்பரில் கோகு பிளாக்குக்கும் அவரே. 61ஆவது எபிசோடில், கோகுவின் உடலைத் திருடிக் கோகு பிளாக் ஆன ஜமாசு என்ற கடவுள், தான் சீச்சியையும் கோட்டனையும் கொன்ற விதத்தைக் கோகுவிடமே விவரிக்கிறான். கொன்றவன், இறந்த பிள்ளை, கேட்டுத் துடிக்கும் தகப்பன் என்று மூன்று பாத்திரங்களுமே ஜப்பானில் எண்பதை எட்டப்போகும் அந்தப் பெண்மணியுடையவை. இதற்கு நிகராக எந்த டப்பும் எதையும் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் கோஹானுக்குக் கைல் ஹிபர்ட், கோட்டனுக்குக் காரா எட்வர்ட்ஸ் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் சரியான முடிவே, அந்த ஊர்க் காதுக்கு அதுதான் இயல்பு.

ஆனால் கோகு பிளாக் கதையில் ஆங்கிலம் தோற்கவில்லை. முழுத் தொடரிலும் டப்பின் சிறந்த பகுதி இதுதான் என்பது என் முடிவான கருத்து. ஜமாசுவுக்கு ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் குரல் கொடுத்தார். 2009இல் ஹாலிவுட் எடுத்து எல்லோர் வெறுப்பையும் சம்பாதித்த டிராகன் பால் படத்தில் பிக்கலோவாக நடித்தவர் இவர். அந்தப் படத்தில் கிடைக்காத நல்ல வேலை இங்கே கிடைத்தது. மனிதர்களை வெறுக்கும் ஒரு கடவுளின் பேச்சு: சத்தம் போடாமல், தான் சொல்வதே நியாயம் என்று முழுதாக நம்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக. ஷெம்மல் கோகு பிளாக்குக்காகத் தன் குரலைத் தாழ்த்தி, அந்த நிதானத்தையே கோகுவின் தொண்டைக்குள் கொண்டுவந்தார். உடல் கோகு, உள்ளே ஜமாசு என்பது ரகசியமாக இருக்கும் எபிசோடுகளில்கூடப் பேச்சின் நடை அதைக் காட்டிக்கொடுக்கிறது. முடிந்தால் அந்தப் பகுதியை இரண்டு மொழியிலும் பாருங்கள். நொசாவாவின் பிளாக்கைக் கேட்டால் கோகுவே கெட்டுப்போனது போன்ற கலக்கம் வரும். ஷெம்மலின் பிளாக்கைக் கேட்டால் கோகுவுக்குள் வேறொருவன் குடியேறிவிட்ட பயம் வரும்.

டப் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் வசனம் ஏன் சில இடங்களில் மாறுகிறது என்பதும் புரியும். ஜப்பானில் குரல் நடிகர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் கூட்டாக நின்று, நாலைந்து மைக்குக்கு முன்னால் மாறி மாறி வந்து பேசுவார்கள். திரையில் ஓவியம் அப்போது முழுதாக முடிந்திருக்காது. ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறைக்குள் போய், முடிந்த படத்தைப் பார்த்து, மூன்று பீப் ஒலி முடிந்த கணத்தில் பேசத் தொடங்க வேண்டும். எதிராளியின் குரல் சில சமயம் ஹெட்ஃபோனில் இருக்கும், அவர் இன்னும் பேசியிருக்காவிட்டால் ஜப்பானியக் குரலே பதில் சொல்லும். இதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் தந்த நேரடி மொழிபெயர்ப்பை இன்னொருவர் எடுத்து வாயசைவுக்குப் பொருந்துமாறு திரும்ப எழுதியிருப்பார். அனிமேயில் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது என்று மூன்று நிலைதான் பெரும்பாலும். அதனால் உதட்டு வடிவம் பிரச்சினை இல்லை. எத்தனை அசைவு, எங்கே வாய் மூடுகிறது என்பதுதான் கணக்கு. ஜப்பானியத்தில் நீளமாகவும் ஆங்கிலத்தில் குட்டையாகவும் வரும் வாக்கியத்துக்கு ஏதாவது ஒட்டுச் சேர்த்தே ஆக வேண்டும். பழைய டப்பில் அந்த ஒட்டுகளில்தான் சூப்பர்மேன் நுழைந்தார்.

இன்னொரு சிக்கல் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும். ‘உன்னை நான் இன்றைக்கு இங்கேயே...’ என்று ஒருவன் இழுத்து, நடுவில் குண்டு வெடித்து, பிறகு ‘முடித்துவிடுகிறேன்’ என்பதை எடிட்டர் அழகாக வெட்டிக் காட்டலாம். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால், வெடிப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். எழுதுபவர் வாக்கியத்தையே புரட்டிப் போட்டு, கடைசித் துண்டுக்கு வேறு ஏதாவது முக்கியமான சொல்லை வைக்க வேண்டியிருக்கிறது. சூப்பரில் இதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். வெஜிடாவின் வசனங்களில் குறிப்பாக. சபாட் அந்தப் பாத்திரத்தை இருபது வருடமாகப் பேசியவர், இஸட் காலத்திலிருந்தே குரல் இயக்குநராகவும் இருந்தவர், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

டப்பில் நிச்சயமாகக் குறைவது மரியாதைப் பேச்சின் அடுக்கு. ஜப்பானிய ஃப்ரீசா (ரியூசே நகாவோ) எதிரியைக் கொல்வதற்கு முன்னும் ‘வாங்க, உட்காருங்க’ என்ற தொனியில், மிகுந்த பணிவோடு பேசுவார். அந்தப் பணிவு உடைந்து நீ, நான் என்று இறங்கும் கணத்தில்தான் அவருக்கு உண்மையில் கோபம் வந்துவிட்டது என்று தெரியும். ஏயர்ஸ் அதை ஒரு பிரபுவின் நாசூக்கான ஆங்கிலத்தால் ஈடுகட்டினார். நல்ல நடிப்பு. ஆனால் பணிவு உடையும் அந்த ஒரு படி ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. தமிழில் உண்டு. சூப்பர் 2022இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் இந்தி, தெலுங்கோடு தமிழிலும் வந்தது. நீங்கள், நீ, கொச்சை மூன்றையும் கையில் வைத்திருக்கும் மொழி கோகுவுக்கும் ஃப்ரீசாவுக்கும் ஆங்கிலத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

டப்பில் பார்ப்பவர்களுக்கு வரிசையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி படம் ஜப்பானில் 2018 டிசம்பர் 14 அன்று வந்தது. ஆங்கில டப் 2019 ஜனவரி 16 அன்று, ஒரே மாதத்தில் வட அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. அங்கே மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். படத்தின் கதை பிரபஞ்சங்களின் போட்டிக்குப் பிறகு நடக்கிறது. ஆனால் அந்த ஜனவரியில் தொலைக்காட்சி டப் போட்டியின் முடிவுக்கு வெகு தூரத்தில் இருந்தது. ஃப்ரீசா ஏன் உயிரோடு திரிகிறார் என்று புரியாமலே பலர் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எல்லாமே கிடைப்பதால் 131 எபிசோடுகளையும் முடித்துவிட்டு ப்ரோலிக்குப் போங்கள். அதற்கடுத்த சூப்பர் ஹீரோ 2022 ஜூனில் ஜப்பானிலும் ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வந்தது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? இஸட்டை ஆங்கிலத்தில் பார்த்து வளர்ந்தவர் என்பதால் ஒரேயடியாக மாறச் சொல்லமாட்டேன். முதல் 27 எபிசோடுகள் ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’, ‘ரிசரெக்‌ஷன் எஃப்’ இரண்டு படங்களையும் நீட்டிச் சொல்வதுதான். படங்களைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் 28இல் தொடங்கினாலும் நட்டமில்லை. 28 முதல் 46 வரை ஆறாவது பிரபஞ்சத்தோடு நடக்கும் போட்டி, அதை டப்பிலேயே பாருங்கள், ஜேசன் டக்ளஸின் பீரஸ் அவ்வளவு ரசிக்கும்படி இருக்கிறார். 47இல் வளர்ந்த ட்ரங்க்ஸ் திரும்ப வருகிறார். அங்கிருந்து கோகு பிளாக் கதை முடியும் 67 வரை முடிந்தால் இரண்டு மொழியிலும். 77இல் தொடங்கும் பிரபஞ்சங்களின் போட்டியை மட்டும் ஜப்பானியக் குரலில், சப்டைட்டிலோடு பாருங்கள். உங்களுக்குக் கோகு மீது கோபம் வந்த அதே காட்சிகளை அந்தப் பட்டிக்காட்டுக் குரலில் கேட்டால் கோபம் வருகிறதா என்று பாருங்கள். கடைசிப் பகுதியில் கோகுவின் தோழி புல்மாவின் ஜப்பானியக் குரல் மாறுவதைக் கவனித்தால் குழம்ப வேண்டாம். முதல் டிராகன் பாலிலிருந்தே பேசிவந்த ஹிரோமி ட்சுரு 2017 நவம்பரில் இறந்துபோனார், அவருக்குப் பிறகு ஆயா ஹிசகாவா அந்தப் பாத்திரத்தை ஏற்றார்.

சூப்பருக்குப் பிறகு வந்த டைமாவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கத்தான் போகிறீர்கள். தொரியாமா 2024 மார்ச்சில் மறைவதற்கு முன் ஈடுபட்டு உருவாக்கிய தொடர். ஜப்பானில் 2024 அக்டோபர் 11 அன்று தொடங்கி 20 எபிசோடில் முடிந்தது. ஆங்கில டப் 2025 ஜனவரி 10 முதல் க்ரஞ்சிரோலில் வாரந்தோறும் வந்தது. பதினெட்டு மாத இடைவெளி மூன்று மாதமாகிவிட்டது. கதையில் எல்லோரும் குழந்தைகளாகிவிடுவதால் குட்டிக் கோகுவுக்குக் குரல் தேட வேண்டியிருந்தது. அதற்கு, பழைய ஃபனிமேஷன் டப்பில் சிறுவன் கோகுவுக்குக் குரல் கொடுத்த ஸ்டெஃபனி நடோல்னியையே திரும்ப அழைத்தார்கள். கதைக் காலப்படி டைமா சூப்பருக்கு முன்னால் வருகிறது, ஆனாலும் சூப்பரை முடித்த பிறகே அதற்குப் போங்கள். அதைத் தயங்காமல் ஆங்கிலத்திலேயே பார்க்கலாம். சிறுவன் உருவத்தில் இருக்கும்போது கோகுவின் அசட்டுக் கேள்விகள் எந்த மொழியிலும் உறுத்துவதில்லை.